பழைய மரத்தளத்தை நாமே தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் பல வருடங்களாக இருக்கும் மரப்பலகைத் தளம் மங்கிவிட்டது, ஆள் நடமாடும் வழி மட்டும் கறுத்துக் கிடக்கிறது, அங்கங்கே கீறல். வாடகைக்கு மெஷின் எடுத்து நாமே தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? அடிக்கலாம் என்றால் எந்த மெஷின், எந்த வார்னிஷ்?

அடிக்கலாம். மரவேலை தெரியாதவர்கள்கூட நன்றாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், உங்கள் தளத்துக்கு முழுத் தேய்ப்பு தேவையா என்று பாருங்கள். மரம் வெளுக்கும்வரை தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை மரம் தூளாகப் போய்விடுகிறது. ஒரு தளத்தின் ஆயுளில் அப்படிச் சில முறைதான் செய்ய முடியும். அதனால் என் கட்சி எப்போதும் இதுதான்: எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் காரியம் ஆகுமோ, அவ்வளவு போதும்.

பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சில துளி தண்ணீர் போதும். நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் கொஞ்சம், அலமாரிக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் துளி முத்தாக நின்றால் வார்னிஷ் இருக்கிறது. மரம் தண்ணீரைக் குடித்து அந்த இடம் கறுத்தால் பூச்சு தேய்ந்துபோய்விட்டது. எல்லா இடத்திலும் துளி நிற்கிறது, பளபளப்பு மட்டும்தான் போயிருக்கிறது என்றால் பெரிய மெஷினே வேண்டாம். தளத்தை நன்றாகச் சுத்தம் செய்து, 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும்) மேல்பூச்சை மட்டும் லேசாகச் சிராய்த்து, தூசி எடுத்து, ஒன்றோ இரண்டோ கை (கோட்) வார்னிஷ் அடித்துவிடலாம். மரம்வரை இறங்கிய கீறல் இதில் போகாது. ஆனால் தளம் புதுசு போலத் தெரியும், ஒரு மில்லிமீட்டர் மரமும் மிச்சம்.

இந்தச் சுலப வழிக்கு ஒரே பகை மெழுகு. பழைய வீடுகளில் தளத்துக்கு மெழுகு பாலிஷ் போட்டிருப்பார்கள். அதன்மேல் எந்த வார்னிஷும் பிடிக்காது, சில நாளில் தோல் தோலாக உரியும். ஒரு வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்து மூலையில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பு ஒட்டினால் மெழுகு. ஸ்பிரிட்டால் துடைக்கும்போது பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். இரண்டுக்கும் மேல்பூச்சு மட்டும் என்ற குறுக்குவழியை மறந்துவிட்டு முழுத் தேய்ப்புக்கே போவது நல்லது.

முழுத் தேய்ப்புதான் என்று முடிவானால், அடுத்து மரத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும். வாசற்படியோரப் பட்டையையோ சுவரோரச் சட்டத்தையோ ஒரு இடத்தில் கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரிந்துவிடும். கெட்டி மரப்பலகை பெரும்பாலும் 18 முதல் 22 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஆனால் முழுக் கனமும் நமக்குக் கிடைக்காது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்த நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் தேய்க்கக் கிடைப்பது. புதிதில் அது 5, 6 மில்லிமீட்டர் இருக்கலாம். அது இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டாலோ, இடுக்குகளில் ஆணித்தலை எட்டிப் பார்த்தாலோ, ஓரங்கள் சிலாம்பாகப் பிளந்தாலோ, அந்தத் தளம் இன்னொரு தேய்ப்பைத் தாங்காது. பிளைவுட் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகைகள் இன்னொரு ரகம். தோல் 2 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் பெரிய மெஷினை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். லேமினேட் என்பது மரப்படம் அச்சடித்த தாள்; அதைத் தேய்க்கவே முடியாது.

இன்னொரு விஷயம், இதில் அலட்சியம் கூடாது. தளத்தில் எப்போதோ பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் கலந்த பெயின்ட் பல நாடுகளில் 1970கள்வரையும், சில இடங்களில் அதற்குப் பிறகும் புழக்கத்தில் இருந்தது. அதைத் தேய்த்தால் கிளம்பும் தூள் குழந்தைகளுக்கு மிக மோசமானது. முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் உலர்தேய்ப்பு வேண்டவே வேண்டாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். பழைய டைல்ஸ் எடுத்த இடத்தில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தாலும் இதே எச்சரிக்கை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு.

சரி, வேலைக்கு வருவோம். அறையைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள், திரைச்சீலை உட்பட. கதவிடுக்கையும் மின்விசிறியையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். அப்புறம் தளம் முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே பலகை ஆடுகிறதோ, கிறீச்சிடுகிறதோ அங்கே அடியில் இருக்கும் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். கீழே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று தெரியாமல் நீளமான திருகாணியை இறக்கக் கூடாது. துருத்தும் ஆணிகளை ஆணிக்கு மேல் ஒரு சிறு இரும்புத் துண்டை வைத்துத் தட்டி, மேற்பரப்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். கம்பள விரிப்பு போட்டிருந்த தளமென்றால் நூற்றுக்கணக்கில் ஸ்டேப்பிள் பின்கள் இருக்கும். குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மெஷின் ஒரே ஒரு ஆணித்தலையில் உரசினால் உப்புத்தாள் நார் நாராகக் கிழியும். அதோடு நெருப்புப் பொறி பறந்து நேராகத் தூசிப் பைக்குள் போகும்.

பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை நிரப்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெல்லிய இடுக்கை அப்படியே விடுங்கள் என்பேன். ஈரக்காலத்தில் மரம் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் வேண்டும். நீங்கள் வைக்கும் மக்கு ஒரு வருடத்துக்குள் நொறுங்கித் துண்டு துண்டாக வெளியே வந்துவிடும். கண்ணை உறுத்தும் அகல இடுக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதே மரத்தில் மெல்லிய ரீப்பர் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் சொருகலாம். ஆணிக்குழிக்கும் முடிச்சு விழுந்த ஓட்டைக்கும் மக்கு சரி. அதையும் முதல் தேய்ப்பில் வந்த தூளைப் பிசினில் குழைத்துச் செய்தால் நிறம் ஒத்துப்போகும்.

மெஷின்களில் இரண்டு வகை உங்களுக்கு முக்கியம். ஒன்று டிரம் மெஷின்: சுழலும் உருளையில் உப்புத்தாள் சுற்றியிருக்கும், பழைய வார்னிஷை வேகமாக அள்ளிவிடும். இன்னொன்று தட்டையான அடிப்பலகையோடு அதிர்ந்தும் சுழன்றும் தேய்க்கும் ஆர்பிட்டல் மெஷின். அது நிதானமானது, தப்பு செய்தாலும் பெரிதாகத் தெரியாது. தளம் ஓரளவு சமமாக இருந்து, பூச்சும் மெலிதாக இருந்தால் முதல்முறை செய்பவருக்கு ஆர்பிட்டலே போதும். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. பலகைகள் குழிந்து வளைந்திருந்தால், அல்லது வார்னிஷ் தடிமனாக அடைந்துபோயிருந்தால் டிரம் இல்லாமல் முடியாது.

டிரம்மில் ஒரே ஒரு விதிதான், ஆனால் அதை மீறினால் தளம் காலத்துக்கும் சொல்லிக்காட்டும்: உருளை சுழன்றுகொண்டு தரையைத் தொடும் நேரத்தில் மெஷின் நிற்கவே கூடாது. நீங்கள் நடக்கத் தொடங்கிய பிறகு உருளையை மெல்ல இறக்குங்கள். கோடியில் நிற்பதற்கு முன்பே மெல்லத் தூக்கிவிடுங்கள். ஒரு நொடி நின்றாலும் அங்கே குழி விழும், அதைச் சமன் செய்ய அறை முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டிவரும். முதலில் உப்புத்தாள் இல்லாமல் மெஷினை அணைத்தே வைத்துக்கொண்டு நான்கு முறை இப்படி நடந்து பழகுங்கள். அப்புறம் தேய்ந்த தாளில், அலமாரி வரப்போகும் பக்கத்தில் தொடங்குங்கள். முன்னே போன அதே தடத்திலேயே பின்னால் இழுத்து வந்து, பாதித் தடம் நகர்ந்து அடுத்தது. அறையின் மூன்றில் இரண்டு பங்கை ஒரு பக்கம் பார்த்துத் தேய்த்துவிட்டு, திரும்பி நின்று மீதியைத் தேய்ப்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் அரை மீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். எப்போதும் மர ரேகையின் போக்கில்தான் போக வேண்டும். வளைந்த பலகைகளுக்கு மட்டும் முதல் சுற்று சாய்வாகப் போய் மேடுகளைத் தட்டிவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து ரேகையோடு போகலாம்.

இனி உப்புத்தாள். இந்த வேலையின் தரம் தீர்மானமாவது இங்கேதான். எந்த நம்பரில் தொடங்குவது என்பதற்கு ஒரு மூலையில் 60 நம்பர் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஓட்டத்தில் மரம் வெளுத்துவிட்டால் 60 போதும், அதைவிட முரடான தாள் தேவையில்லை. தாளில் வார்னிஷ் உருகி அடைத்துக்கொண்டால் 36 அல்லது 40க்கு இறங்குங்கள். 24 நம்பர் என்பது ரொம்பக் கெட்டியான பழைய பூச்சுக்கு மட்டும். அங்கிருந்து 60, பிறகு 80, கடைசியில் 100 அல்லது 120. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். ஒவ்வொரு தாளும் செய்வது முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதைத்தான். 36 போட்ட பள்ளத்தை 100 நம்பர் தாள் அழிக்காது, மேலே மட்டும் மழமழப்பாக்கிவிட்டுப் போகும். வெறும் மரத்தில் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் பட்ட அடுத்த நிமிடம் வரிவரியாக எழுந்து நிற்கும். வார்னிஷ் குறையை மறைக்கும் என்ற நம்பிக்கை ரொம்பப் பரவலானது. நடப்பது நேர் எதிர், அது காட்டிக்கொடுக்கும்.

ஒரு தாளின் வேலை முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தளத்தின் குறுக்கே பென்சிலால் நீளமாக லேசான கோடுகள் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். எங்கே கோடு மிச்சமிருக்கிறதோ அங்கே தாள் படவில்லை. மேலே எரியும் விளக்கை அணைத்துவிட்டு ஒரு விளக்கைத் தரையிலேயே வைத்துப் பார்த்தால் கீறல், குழி எல்லாம் நிழலாக விழும். கடைசியில் ஒரு சின்ன இடத்தை டர்பன்டைனால் துடைத்துப் பாருங்கள்; வார்னிஷுக்குப் பிறகு வரும் நிறத்தையும் குறையையும் அது ஆவியாகும் வரை காட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் வாக்குவம் கிளீனரால் தளத்தைச் சுத்தமாக இழுத்துவிட வேண்டும். முரட்டுத் தாளிலிருந்து உதிர்ந்த ஒரு மணல்துகள் அடுத்த தாளுக்கடியில் சிக்கினால் போதும், புதுக்கீறல் நீளமாக வரும்.

சுவரோரத்துக்கு எட்ஜர் என்ற சின்ன வட்ட மெஷின். அது சுருள் சுருளாகக் கீறல் விடும், அதனால் நடுத்தளத்தில் போட்ட அதே நம்பர் வரிசையிலேயே இதிலும் போங்கள். மூலைகளுக்கு எந்த மெஷினும் எட்டாது. கூரான கைச்சுரண்டியால் சுரண்டி, கையால் உப்புத்தாள் போட வேண்டும். 120க்கு மேலே போய்க் கண்ணாடி மாதிரி ஆக்க ஆசை வரும். வேண்டாம். மரத்தின் துவாரங்கள் மழுங்கிப்போனால் பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது.

கறுப்புக் கறைகள் தேய்த்தும் போகாமல் இருக்கும். மரத்தின் துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டான கறை என்றால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். அது விஷம், கையுறை கட்டாயம். பிறகு நிறையத் தண்ணீரால் துடைத்து நன்கு உலரவிட்ட பின்தான் மறுபடி தேய்க்கலாம், காய்ந்த படிகத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நாய், பூனை சிறுநீர்க் கறை பெரும்பாலும் ஆழமாக இறங்கியிருக்கும். அதைத் துரத்தித் துரத்தித் தேய்ப்பதைவிட அந்தப் பலகையையே மாற்றலாம். அதே வீட்டில் அலமாரிக்குள் மறைந்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு பலகையை எடுத்தால் மரமும் வயதும் பொருந்தும்.

தூசி, தீ இரண்டையும் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்திவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம், காதடைப்பான், கண்ணாடி மூன்றும் வேண்டும். பழைய வார்னிஷ் கலந்த தூள் பைக்குள் அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறிப் புகையலாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வீட்டுக்கு வெளியே இரும்பு வாளியில் கொட்டிவிடுங்கள், இரவு மெஷினிலேயே விட்டுவைக்காதீர்கள். எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணிகளும் அப்படித்தான். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டி எறிந்த துணி தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இந்த மெஷின்கள் இழுக்கும் கரண்டுக்குச் சுற்றி வைத்த வயர் சூடாகும்.

நிறச்சாயம் ஏற்றுவதா? முதல்முறை செய்பவர்களுக்கு என் ஆலோசனை, வேண்டாம். தேய்ப்பில் விட்ட சின்னக் குறைகூடச் சாயத்தில் இரண்டு மடங்காகத் தெரியும்.

வார்னிஷ் விஷயத்தில் எது சிறந்தது என்ற சண்டைக்கு முடிவில்லை. எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் தேன்நிறம் கொடுக்கும், வருடங்கள் போகப்போக இன்னும் மஞ்சளாகும், இரண்டு மூன்று கை போதும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், நெடியும் பலமாக இருக்கும். தண்ணீர் அடிப்படையிலானது மரத்தின் நிறத்தை அப்படியே விடும், சில மணி நேரத்தில் காயும், நெடி குறைவு. மூன்று நான்கு கை அடிக்க வேண்டும். முதல் கையில் மர இழைகள் ஈரத்தில் எழுந்து சொரசொரப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம், லேசான தேய்ப்பில் சரியாகிவிடும். மூன்றாவது, மெழுகெண்ணெய். வார்னிஷ் அளவுக்குக் கவசமாக நிற்காது, ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி தடவிக்கொள்ளலாம். வீட்டில் குடியிருந்துகொண்டே செய்பவருக்கு நான் தண்ணீர் வகையைத்தான் சொல்வேன். எந்த வகையானாலும் டப்பாவில் தளத்துக்கானது என்று போட்டிருக்க வேண்டும். படகுக்கும் வெளிக்கதவுக்கும் செய்த வார்னிஷ் வெயில் மழைக்கு ஈடுகொடுக்க இளக்கமாகச் செய்யப்பட்டது. காலடிக்கு அது தாங்காது. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை மரமென்றால் பூச்சு பிடிக்கவும் காயவும் தகராறு செய்யும். அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு தின்னரால் துடைத்து, மறைவான இடத்தில் ஒரு கை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு ஒரு கை வரும். எத்தனை கை என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அடிக்கும் நாளில் அறை 15 முதல் 25 டிகிரிக்குள், நேர் வெயில் விழாமல் இருந்தால் நல்லது. அடிப்பதற்கு முன் வாக்குவம் போட்டு, சற்றே ஈரமான துணியால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். சுவரோரத்தைப் பிரஷ்ஷால் ஒரு சாண் அளவு அடித்துக்கொண்டே, நடுவை ரோலராலோ கம்பளிப் பட்டையாலோ ரேகையின் போக்கில் இழுங்கள். வாசலுக்கு எதிர்க்கோடியில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். ஒரு பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் சேருமிடம் கோடாக நிற்கும். பாதி காய்ந்த இடத்தில் ஒரு மயிரோ பூச்சியோ ஒட்டியிருந்தால் கையை வைக்காதீர்கள். அடுத்த கைக்கு முன் தேய்த்து எடுத்துவிடலாம். முதல் சில மணி நேரம் மின்விசிறி நேராக மேலே வீசக் கூடாது. ஜன்னலை இடுக்காகத் திறந்தால் போதும். எண்ணெய் வகை காயும்வரை அறையில் நெருப்பு, கேஸ் ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சின்னச் சுடர் (பைலட் சுடர்) எதுவும் எரியக் கூடாது.

கைகளுக்கு நடுவில் 180 அல்லது 220 நம்பரில் பூப்போலத் தேய்த்து, தூசி எடுத்து, அடுத்ததை அடியுங்கள். தண்ணீர் வகைக்கு இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள், உடைந்த இழைகள் பூச்சுக்குள் துருப்பிடிக்கும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தளம் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். மேசை, கட்டிலை மூன்று நான்கு நாள் கழித்துத் தூக்கி வையுங்கள், இழுக்கக் கூடாது. கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டிவிடுங்கள். தண்ணீர் வகைக்கு இரண்டு வாரமும் எண்ணெய் வகைக்கு ஒரு மாதமும் விரிப்பு எதுவும் போடாமல் இருங்கள், விரிப்புக்கு அடியில் இருக்கும் பூச்சு காற்றில்லாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மிச்சமிருக்கும் வார்னிஷைச் சின்ன டப்பாவில் விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடி, எந்த அறை, எந்த வகை, எத்தனை கை, என்ன தேதி என்று மேலே எழுதி வையுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து மேல்பூச்சு மட்டும் புதுப்பிக்கும்போது டப்பாவில் இருப்பது கெட்டுப்போயிருந்தாலும், எழுதிவைத்த அந்த விவரம் வேண்டியிருக்கும்.